எந்த ஜீப், எந்த மெசேஜ்

கோயம்புத்தூரில் வேலை போய் ஊர் திரும்பியதிலிருந்து சண்முகத்தாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. எம்.சி.ஏ. படித்தவள். 2009-இல் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டது. சொந்த ஊரான கம்பத்தில் பகலெல்லாம் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். அம்மா பவுனு விடிந்ததும் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போவாள். சும்மா இருக்கும் மகளுக்கு அது உறுத்தியது.

ஜீப்புகள் தங்கபாண்டியுடையவை. பாதி மலையில் வண்டி நின்றால் கீழே தெரிவதில்லை என்று அவர் புலம்பவும், அவளே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். டிரைவர் அடிவாரத்தில் ‘ஏறுறேன்’ என்று மெசேஜ் அனுப்ப வேண்டும், தோட்டத்தில் ‘சேர்ந்தாச்சு’. முதலாவது வந்து, இரண்டாவது உரிய நேரத்துக்குள் வராவிட்டால் ஜீப் ஆபீஸ் கம்ப்யூட்டர் கத்தும்.

ஆடிச் சாரல் அடித்த ஒரு காலையில் அது கத்தவில்லை. ஆனால் தோட்டம் சேர்ந்ததும் பவுனு கொடுக்கும் மிஸ்டு காலும் வரவில்லை. சண்முகத்தாய் ஜீப் ஆபீசுக்கு ஓடினாள்.

“எல்லாரும் சேர்ந்துட்டாகன்னுதான தாயி காட்டுது?” என்றார் தங்கபாண்டி.

“மெசேஜப் பாக்கணும்ண்ணே.”

‘ஏறுறேன்’ இரண்டு இருந்தன: முன்னால் போன ராக்கப்பனுடையது ஒன்று, பின்னால் போன அழகருடையது ஒன்று. ‘சேர்ந்தாச்சு’ ஒன்றுதான். அது ராக்கப்பனுடையது. அவள் எழுதிய விதி, ஏறியது யார், சேர்ந்தது யார் என்று கேட்கவே இல்லை. ஏதோ ஒரு ஜீப் சேர்ந்ததும் இரண்டுமே சேர்ந்ததாக முடித்துக்கொண்டது. அம்மா போனது அழகர் வண்டியில்.

தங்கபாண்டி வண்டியை எடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் அவள் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள், வெறும் மஞ்சு மூட்டம்தான். பாதி மலையில் அழகரின் ஜீப் ஒரு சக்கரம் ஓடையில் இறங்கிச் சாய்ந்து கிடந்தது. பெண்கள் நனைந்தபடி பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். பவுனு இடது கையை மடியில் ஏந்தியிருந்தாள்.

“இங்கன சிக்னலே இல்ல. ஒரு பய வரல. நீயாவது வருவேன்னு இருந்தேன் ஆத்தா,” என்றாள்.

சண்முகத்தாய் துப்பட்டாவை எடுத்து அம்மாவின் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள்.

கம்பத்தில் அம்மா கைக்கு மாவுக்கட்டுப் போட்ட அன்று மாலையே விதியைத் திருத்தினாள். ‘ஏறுறேன்’ எந்த ஜீப்பிலிருந்து வந்ததோ, அதே ஜீப்பின் ‘சேர்ந்தாச்சு’ மட்டுமே இனி அதற்கு ஜோடி. மெசேஜில் ஜீப் நம்பரையும் அடிக்கச் சொன்னதற்கு டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் விடவில்லை.

அதன் பிறகும் மனசு ஆறவில்லை. எல்லாம் சரியென்று திரை காட்டினாலும் போன் போட்டுக் கேட்பாள். “அதான் மெசேஜ் விட்டேன்ல தாயி!” என்று ராக்கப்பன் சலித்துக்கொள்வார். தை பிறந்து சென்னையில் வேலை கிடைத்துப் போனாள். அதற்குள் இன்னொரு ஜீப்காரரும் அந்தப் புரோகிராமைக் கேட்டு வாங்கியிருந்தார்.