சட்டமன்றத்தில் ஒரு மதியத் தூக்கம்

மிசூரி ஆற்றோரத்து எங்கள் ஊரில், பக்கத்து வீட்டு ஓபல் டட்லி தன் வீட்டிலேயே ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பெற்றவர்களுக்குக் கோழி ஆலையில் வேலை. கட்டணத்தில் பெரும்பகுதியை மாநில அரசு தரும். அந்த உதவியின் கூத்தைக் கேளுங்கள்: சம்பளம் வரம்பைத் துளி தாண்டினாலும் மொத்தமும் நின்றுவிடும். அதற்குப் பயந்தே, அந்த ஆறில் ஒருவனான டெஸ்மண்டின் அம்மா ரெனாட்டா, தேடி வந்த மேற்பார்வையாளர் பதவியை வேண்டாமென்றாள்.

உதவியை ஒரேயடியாக நிறுத்தாமல், சம்பளம் ஏற ஏறப் படிப்படியாகக் குறைக்கும் மசோதா ஒன்று சட்டமன்றக் குழுவுக்கு வந்தது. குழுவின் முன் பொதுமக்களும் போய்ப் பேசலாம். தேறினால் அடுத்த முறை ரெனாட்டா துணிந்து பதவியை ஏற்கலாம். தேறாவிட்டால் குப்பைதான்.

"நான் போய்ப் பேசறேன். வேனை எடு, வெர்ஜில்" என்றாள் ஓபல் என்னிடம்.

"குழந்தைங்களை யார்கிட்ட விடுவே?"

"விடறதாவது! நான் எங்க போனாலும் ஆறும் என்கூடத்தான்."

"பைத்தியமா உனக்கு?"

"காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன், ஆறு பொடிசுக்கு நடுங்கறியே!"

காலையில் கூடவேண்டிய குழு மதியம்தான் கூடியது. ஓபல் வீட்டில் அது குழந்தைகள் தூங்கும் நேரம். யாருக்காகவும் அதை மாற்றமாட்டாள். குழு கூடிய அறையின் கம்பளத்திலேயே பாய்களை விரித்து, காலணிகளைக் கழற்றிப் படுக்கவைத்தாள். ஓடிவந்த காவலரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

குழுத் தலைவர் இடிக்குரலில் அவள் பெயரை அழைத்தார்.

"மெதுவாப் பேசுங்க ஐயா. இப்பதான் கண் அசந்துச்சுங்க."

அந்த மனுஷன் குரலைத் தாழ்த்தினார்! ஓபல் கிசுகிசுத்தாள், உறுப்பினர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். டிவியில் அவர்கள் கத்துவதைப் பார்த்திருக்கிறேன், காதுகொடுத்துக் கேட்பதைப் பார்த்ததில்லை.

"அதோ, நீலக் காலுறை, டெஸ்மண்ட். அவங்கம்மா நல்ல வேலையை வேண்டாம்னுட்டா. சோம்பேறித்தனம் இல்லைங்க. புள்ளைக்குத் தூங்க இடம் போயிடுமேன்னு."

வழக்கமாகக் குரல் கொடுத்துத்தான் வாக்களிப்பார்கள். "சத்தம் வேண்டாம், கையைத் தூக்குங்க" என்றார் தலைவர், மெல்ல. இரண்டு கைகள் எழவில்லை. மற்றவையெல்லாம் எழுந்தன.

"வெளியே போய் ரெனாட்டாவுக்கு போன் போடு. இதுங்களை விட்டுட்டு நான் வரமுடியாது" என்றாள் ஓபல். அவள் கன்னம் நனைந்திருந்தது.

பளிங்கு நடையில் நின்று நானும் கிசுகிசுத்தேன். "ரெனாட்டா, தேறிடுச்சு."

"ஆலை இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல! சத்தமாச் சொல்லுங்க!"

கட்டடமே அதிரக் கத்தினேன். உள்ளே டெஸ்மண்ட் விழித்துக்கொண்டான்.