கூடையில் பிள்ளை, பெஞ்சில் தேன்

சுற்றுலா வந்தவர்களிடம் பொருள் விற்பது லேசான வேலை இல்லை; அருவியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத் தேனும் அருவி மாதிரி சும்மா கிடைக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்தது எங்கள் கடை. ஒரே அறை. மலையில் விளைகிற தேன், புளி, சாமை, மூங்கில் கூடை எல்லாம் விற்போம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கான்வென்ட் இங்கிலீஷ் தெரியும் என்று, கடையை நடத்தின கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்; அதனால் நான் டீச்சரம்மா. அவர் சம்பளத்தில் பெரும்பகுதி மாமனாரின் வைத்தியத்துக்குப் போய்விடும். வீட்டில் உலை வைப்பது என் சம்பளத்தில்தான். ஆறு மாதப் பிள்ளையை விட வேறு இடம் இல்லாததால், கடையிலேயே ஒரு கூடையில் படுக்க வைத்திருந்தேன். மலைக்குக் கீழே சங்க ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்த சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை குழந்தையைக் கடையில் பார்த்தால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் ரோடு மேலேறி வருகிற வளைவை எட்டிப் பார்ப்பேன். கைக்குழந்தையோடு வேலைக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய கூடை

மெட்ராஸிலிருந்து வந்த ஓர் அம்மாள் கடையில் இருந்த கூடைகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, என் மகள் படுத்திருந்த கூடையைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார். அதே அளவில் புதிதாக நாலு எடுத்து வைத்தேன். ம்ஹூம். இந்த வழவழப்பு, இந்தத் தேன் நிறம் அவற்றில் இல்லையாம். நல்ல சரக்கை உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு விற்கிறோம் என்று முகத்தைச் சுளித்தார்.

கன்னியம்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருந்தாள். கடைக்குக் கூடை பின்னுகிற மலைக்காரி. நாற்பது வயது இருக்கும். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “அந்த நெறம் வரணும்னா ஒரு கொழந்தயப் பெத்து, எண்ண தேச்சி, ஆறு மாசம் அதுல படுக்க வெக்கணும்மா.”

நாய் வைத்த பரீட்சை

தேனைச் சோதிக்காமல் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. தாளில் ஊற்றிப் பார்ப்பார்கள், தீக்குச்சியை நனைத்துக் கிழிப்பார்கள், தண்ணீரில் விடுவார்கள். ஆரணிப் பக்கத்துக்காரர் ஒருவர், அசல் தேனை நாய் தொடாது என்று சொல்லி, பஸ்ஸடியில் படுத்திருந்த நாயைக் கூப்பிட்டு பன்னில் தடவிப் போட்டார். அது பன்னைத் தின்று, தரையை நக்கி, அவர் விரலையும் நக்கியது. கலப்படம் என்று அவர் கூட்டத்துக்கே அறிவித்தார். யாராவது கீழே புகார் எழுதிப் போட்டால் ஜீப் வந்துவிடுமே என்று நான் கூடையைப் பெஞ்சுக்குப் பின்னால் தள்ளினேன்.

அக்கா நிதானமாகச் சொன்னாள்: “அது மலை நாயி சாமி, தேனு தின்னே வளந்தது. ஒங்க ஊரு நாய இட்டாந்து காட்டு.”

அவர் ரெண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

குள்ளர் வீடு

மேலே பாறைத் திட்டில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடின சின்னச் சின்ன வீடுகள் உண்டு. குள்ளர் வீடு என்பார்கள். இங்கிலீஷ் பேசுகிற ஆட்கள் வந்தால் கூட்டிப் போய்க் காட்டுவதும் என் வேலை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போவேன். குள்ளர்கள் இங்கே சமைத்தார்கள், இங்கே தூங்கினார்கள் என்று நானாகவே சேர்த்துச் சொல்வேன். வெயில் ஏறினால் அந்தக் கல் நிழலில் உட்கார்ந்துதான் பால் கொடுப்பது.

ஒரு நாள் காலேஜில் சரித்திரம் நடத்துகிற பெண்மணி வந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவை வீடுகள் அல்ல, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய சமாதிகள் என்றார். நாலு மாதமாகச் சமாதிக்குள் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறேன். கடைக்கு ஓடி வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜெபமும் சொன்னேன், திருநீறும் பூசினேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “செத்தவங்க வூடா இருந்தா இன்னா டீச்சரம்மா, அழுவாம தூங்குச்சா இல்லியா?”

எழுத்தில் வந்தது

பயந்ததே நடந்தது. யார் சொன்னார்களோ, கீழேயிருந்து டைப் அடித்த கடிதம் வந்தது. விற்பனை நடக்கும் இடத்தில் குழந்தை இருக்கக் கூடாது. அடுத்த முறை பார்வையிட வரும்போது இருந்தால் அன்றே வேலை நீக்கம். கான்வென்டில் வளர்ந்தவளுக்கு எழுத்தில் வந்ததை மீறத் தெரியாது. அழுதுகொண்டே ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். அக்கா வந்த கடிதத்தை ரெண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். பிறகு எழுந்து, தேன் பாட்டில்களோடு பெஞ்சைத் தரதரவென்று இழுத்துப் போய்ப் பலாமரத்தடியில் போட்டாள். புளி, சாமை, கூடைகள் எல்லாம் பின்னாலேயே போயின. அறையில் பிள்ளை மட்டும்.

பத்து நாள் கழித்து ஜீப் வந்தது. சூப்பர்வைசர் மரத்தடியைப் பார்த்தார், அறைக்குள் எட்டிப் பார்த்தார், கையில் இருந்த கடித நகலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. சரக்கு கண்ணெதிரே இருக்கவே இறங்கியவர்கள் பெஞ்சை மொய்த்துக்கொண்டார்கள். அவசரத்தில் நான் ஒரு பாட்டிலை உடைத்துவிட்டேன். சூப்பர்வைசர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் தலையை நீட்டி, மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அக்காதான் பதில் சொன்னாள்: “மழ வந்தா சரக்கு உள்ள போவும், கொழந்த வெளிய வந்துரும். ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது, அவ்ளோதானுங்களே?”

வேலை நீக்கக் கடிதம் வரவில்லை. மகள் நடக்கிற வரைக்கும் கடை மரத்தடியிலேயே நடந்தது. இப்போது வேலூரில் அவளோடு இருக்கிறேன். ஜவ்வாது மலையில் பார்க்க என்னென்ன உண்டு என்று இங்கே யாராவது கேட்டால், அருவி, கல் வீடு என்று வாய் சொல்லுமே தவிர, அங்கே வேலை பார்த்த மூன்று வருஷமும் நான் கண் எடுக்காமல் பார்த்தது ஜீப் ஏறி வருகிற அந்த வளைவை மட்டும்தான்.