ஷூவைக் கழற்றிவிட்டுப் போன பாய்லர்காரன்

கனி, சரவணா, அப்பா சூரத்திலிருந்து வந்து வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது, "ஆபீஸ்ல இழுத்தடிக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? அது பொய். நடந்ததை எழுதிவைக்கிறேன்.

சூரத்தில் ஒரு சாய மில்லில் பதினோரு வருடம் பாய்லர் அட்டெண்டண்டாக இருந்தேன். உங்களைக் கோவில்பட்டிப் பள்ளியில் சேர்த்த கையோடு, ஊருக்கு வெளியே உள்ள மில்லில் வேலை கேட்டுப் போனேன். மேனேஜர் என் சர்டிபிகேட்டைப் புரட்டினார்.

"அண்ணாச்சி, இது குஜராத்ல குடுத்தது. நம்ம ஸ்டேட்ல ஒப்புதல் எழுதி வாங்காம உங்கள பாய்லர் பக்கத்துல நிறுத்த முடியாது."

"தண்ணி அங்கனயும் இங்கனயும் ஒரே சூட்டுலதான சார் கொதிக்கு?"

"அத ஆபீசர்ட்ட சொல்லுங்க. ரெண்டு மாசம் இடத்தப் போட்டு வைக்கேன். அதுக்கு மேல முடியாது."

ஒப்புதல் கிடைக்காவிட்டால் உங்களை விட்டுவிட்டு மறுபடி சூரத்துக்கு ரயிலேற வேண்டியதுதான்.

புது சேஃப்டி ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு ஒப்புதல் தரும் அரசாங்க பாய்லர் ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் அறை வாசலில் அதைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பாய்லர் ரூமுக்குள்ளும் அப்படித்தான் போவேன். உள்ளே எரிவது நெருப்பு. அதன் முன்னால் செருப்புக் காலோடு நிற்க மனம் வராது. ஆபீசரும் எனக்கு அப்படித்தான் தெரிந்தார்.

சேஃப்டி வால்வு, பாய்லர் அடியில் சேரும் கசடை வெந்நீரோடு வெளியேற்றும் புளோ டவுன் என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் என் காலைப் பார்த்தார். பாதத்தில் பழைய தழும்பு.

"இது என்ன?"

"புளோ டவுன் பண்ணும்போது வெந்நி தெறிச்சிட்டு, சார்."

"ஷூ போடலையா?"

"வெளிய கழட்டிட்டுத்தான் சார் உள்ள போவேன். ஒரு மரியாதை."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"பாய்லருக்கு மரியாத குடுக்கீங்க, சரி. காலுக்கு யாரு குடுப்பா? ஒரு மாசம் கழிச்சு வாங்க. ஷூவோட வாங்க."

அந்த ஒரு மாதம்தான் வீட்டுக்குள் ஷூவோடு நடந்து பழகினேன். குதிங்கால் வலிக்கு டாக்டர் சொன்னார் என்று உங்களிடம் சொன்னதும் பொய். "ஏங்க, அடுப்பங்கரைக்குள்ளயுமா?" என்று உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை ஆபீசர் முதலில் காலைப் பார்த்தார். பிறகுதான் கையெழுத்து.

வருடக்கணக்காகச் செய்வதெல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். யாராவது கேள்வி கேட்டால் அப்பாவைப் போல முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பொய் சொல்லாதீர்கள்.

மில்லில் முதல் ஷிப்ட். பாய்லர் ரூம் வாசலில் கால் தானாக நின்றது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஷூவோடு உள்ளே போய் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் பார்த்தேன். பிறகு பாய்லரைக் கும்பிட்டு, "கோவிச்சுக்கிடாத" என்று சொல்லிவிட்டு, குனிந்து ஷூ லேஸை இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன்.