ஏன் சீனம் என்று அவர் கேட்டார்

என் நண்பனை நான் காட்டிக்கொடுத்தேன். இல்லை, அதுகூட மென்மையான சொல்... நான் செய்ததை அவன் செய்ததாகச் சொன்னேன். அதுவும் எதற்காக? ஓர் அந்நிய மொழிக்காக!

சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனையும் நடந்தது.

அறுபதுகளின் கடைசி. சென்னைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், பாதியில் பொன்னேரிக்குத் திரும்பி வந்திருந்தேன். படிப்பு வரவில்லை என்று வீட்டில் சொன்னேன். உண்மை வேறு. வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். 'ஐலண்ட்' என்று சொல்லவேண்டிய இடத்தில் எழுத்துக் கூட்டி 'இஸ்லாண்டு' என்றேன். அன்று எழுந்த சிரிப்பு ஓயவே இல்லை. அதுவே என் பெயராயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில், மாடிப்படியில், குளியலறை வாசலில்... இஸ்லாண்டு! இஸ்லாண்டு! ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

ஊரில் எனக்கு மிஞ்சிய ஒரே நண்பன் தேவசகாயம். அவன் பெற்றோர் எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவன் பள்ளியிறுதி தேறி, பர்மா பஜாரில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வைத்திருந்தான். மாலையில் ஆரணியாற்று மணலில் உட்கார்ந்து அதன் காதைத் திருகுவோம். உலகமே இரைச்சலோடு வந்து எங்கள் நடுவில் உட்காரும்.

ஏதாவது ஓர் அந்நிய மொழி கற்கவேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கிளப்பியது அவன்தான். எது என்பதிலும் அவனுக்குத் தெளிவிருந்தது.

"கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிங்க வரப்போவுதாம்டா கோபாலு. மிஷினெல்லாம் ஜெர்மனிலேர்ந்து தான் வருமாம். அந்த பாஷய கத்துக்கினா நம்மள உடுவானா?"

எவ்வளவு நேரான காரணம்! ஆனால் ஜெர்மன் தெரிந்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். ருஷ்யனும் பிரெஞ்சும் தெரிந்தவர்களும் இருந்தார்கள். எந்த மொழியைத் தொட்டாலும் அதில் என்னைவிடத் தேர்ந்தவன் ஒருவன் எங்கோ இருப்பான், நான் தவறு செய்யும் கணத்துக்காகக் காத்திருப்பான்...

"சீனம் கத்துக்கலாம்" என்றேன்.

"இன்னா? சீனமா? சண்ட போட்டவன்டா அவன்!"

"அதனாலதான். இங்க எவனுக்கும் தெரியாது. நாம தப்பா பேசுனா எவன் கண்டுபுடிப்பான்?"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆனால் அவன் சிரித்தால் எனக்கு வலிக்காது. "செரி, நீ படிச்சவன். நீ சொன்னா அதான்" என்றான். அப்படித்தான் நாங்கள் எங்கள் மொழியைத் தேர்ந்தெடுத்தோம்.

சீனாவிலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பில் அவ்வப்போது சில சொற்களைக் கற்றுத்தருவார்கள். ஒரே 'மா'வை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் இன்னொன்று. இருவரும் மாறி மாறி 'மா' 'மா' என்று கத்துவோம். கரையில் மேயும் எருமைகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். என் வாழ்வில் நான் கூச்சமின்றி வாய்திறந்த மாலைகள் அவை மட்டுமே.

பாடநூல் கேட்டு அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். என் கையால் எழுதினேன்... தேவசகாயத்தின் பெயரில்! அப்பாவுக்குத் தெரிந்தால் வம்பு என்று காரணம் சொன்னேன். அவனும் ஒப்புக்கொண்டான். இப்போது யோசிக்கிறேன், அப்போதே எனக்குள் இருந்த கோழை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டானோ?

புத்தகம் வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார்.

அது எந்த நேரம் தெரியுமா? ஆந்திர எல்லையில் துப்பாக்கிச் சத்தம் என்றும், சீனப் பாதையில் புரட்சி என்று காட்டுக்குள் போன இளைஞர்கள் என்றும் பத்திரிகைகள் அலறிக்கொண்டிருந்த நேரம். சீனா என்ற சொல்லே குற்றமாகியிருந்தது. எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை. எங்களுக்குச் சீனம் என்றால் எருமைகள் தலை தூக்கும் மாலைநேரம், அவ்வளவுதான்.

மஃப்டியில் வந்த போலீஸ் அதிகாரி அவர். கடைத்தெருவில் என் தோள்மீது கை போட்டு, பழகியவர்போல் நடத்திச் சென்று, டீக்கடைப் பின்கட்டில் உட்காரவைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு என் கடிதத்தின் புகைப்பட நகலை மேசைமேல் வைத்தார்.

கடவுளே! அந்தக் கடிதம் எப்படி அவரிடம் வந்தது? தம்ளர் பல்லில் இடித்தது.

"பேரு தேவசகாயத்தோடது, கையெழுத்து உன்னோடதுன்னு சொல்றாங்க. அழகா இருக்கு தம்பி" என்றார். "உலகத்துல எத்தனையோ பாஷை இருக்கு. ஏன் சீனம்?"

ஏன் சீனம்?

விடை என் நாக்கு நுனியில் இருந்தது. 'ஐயா, ஆங்கிலத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் சிரிக்கமுடியாத ஒரு மொழி வேண்டியிருந்தது.' இவ்வளவுதான்! இதைச் சொல்லியிருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். முட்டாள் பயல்கள் என்று தலையில் குட்டி எங்கள் இருவரையுமே விட்டிருப்பார்.

ஆனால் அவர் சிரிப்பாரே!

சிறையை நினைத்துப் பயந்தேன், அடியை நினைத்துப் பயந்தேன், மறுக்கவில்லை. என்றாலும் அந்தக் கணத்தில் என் வாயை மூடியது அந்தச் சிரிப்புதான். நீங்கள் நம்புவீர்களா? நானே பல நாள் நம்பவில்லை.

"தேவசகாயம் சொன்னான், நான் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் அவன் ஆரம்பிச்சது சார். எனக்கு ஒன்னும் தெரியாது."

என் குரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ஐயோ, எவ்வளவு சுத்தமான உச்சரிப்பு!

மறுநாள் காலை அவனைக் கொண்டுபோனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவன் அம்மா மரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நீ படிச்ச புள்ள, கொஞ்சம் இன்னா ஏதுன்னு விசாரிப்பா" என்றாள். விசாரிக்கிறேன் என்றேன். உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

சில வாரங்கள் கழித்து விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அவன் வலக்கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. பின்னர் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்தன. போலீஸ் கொண்டுபோனவன் என்று அவனை எந்த வாசலிலும் சேர்க்கவில்லை. எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. அங்கே பெட்டிகளின்மேல் ஜெர்மன் எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவன் சந்தையில் மூட்டை இறக்கினான். நடந்ததைப் பற்றி அவன் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அவன் ஏதேனும் அறிந்திருப்பானோ என்ற திகில்மட்டும் வருடக்கணக்கில் என்னோடு உண்டு, உறங்கியது.

போன மாதம் கும்மிடிப்பூண்டி நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்தோம். திடீரென்று அவனே ஆரம்பித்தான்.

"அங்க ஒரே கேள்விதான்டா. 'எவன் ஆரம்பிச்சான், ஒரு பேரு சொல்லு, உட்டுர்றோம்'னு. நானே தான் ஆரம்பிச்சேன், கோபாலுக்கு ஒன்னும் தெரியாது, சும்மா எழுதிக் குட்த்தான்னு சொல்லிக்கினே இருந்தேன். நீ தாங்கமாட்ட. உன் ஒடம்பு அப்டி."

நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடசீல நம்பிட்டாங்க. எப்டித்தான் நம்புனாங்களோ போ!" என்று சிரித்தான்.

எப்படி நம்பினார்கள் என்று எனக்குத் தெரியும். பயத்தில் நான் சொன்ன பொய்யையே, சொல் மாறாமல், என்மேல் வைத்த பிரியத்தில் அவனும் சொல்லியிருக்கிறான்! இரண்டு வாய் ஒன்றையே சொன்னால் அவர்களுக்கு அதுதானே உண்மை?

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ கதறியது. வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

"இன்னாடா மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சி? நாஷ்டா துன்னியா இல்லியா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் எழுந்துபோய், மடங்காத விரல்களுக்கிடையே ஒரு பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு வந்தான். இட்லி.

நான் அதைச் சாப்பிட்டேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கவும் எனக்குத் துணிவில்லை... நாளை ஞாயிறு. கோயில் முடிந்ததும் என்னைப் பார்க்க வருவான். "கோபாலு" என்று தெருவிலிருந்தே கூப்பிடுவான்.

அந்தக் குரலுக்கு நடுங்கியபடியே எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன்.