சாரலில் உரிந்த அளவுக் காகிதம்

இருமலோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனதே என் முதல் புத்திசாலித்தனம். தென்காசி கம்பவுண்டர் கலந்து கொடுத்த இருமல் மிக்சர் புட்டி மடியில் இருந்தது. வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, கத்தரித்த காகிதம் ஒன்றை அவர் புட்டியில் ஒட்டியிருந்தார். சாரலில் அது நனைந்து உரிந்துபோயிற்று. பெரிய உடம்புக்குப் பெரிய மடக்கு என்று நானே வைத்தியனாகிப் பாதிப் புட்டியைக் குடித்துவிட்டேன்.

சற்று நேரத்தில் இருமல் போயிற்று. கூடவே என் எடையும் போயிற்று. அருவி மெல்ல மேல்நோக்கி ஏறியது. தண்ணீரெல்லாம் வெள்ளை மேகமாகி அசைந்தது. அதில் படுத்துக்கொள்ளலாம் என்று வழுக்குப் பாறையின் விளிம்புக்கு நடந்தேன்.

கூட வந்திருந்த என் மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறிய?"

"மெத்தைக்கு."

"மெத்தையா? அங்கன பாதாளக் கெடங்குல்லா இருக்கு!"

அப்படியே என்னைத் தென்காசிக்கு இழுத்துப் போனாள். கம்பவுண்டர் புட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, இதுல அபின் சேர்ந்திருக்கு. மீதியையும் குடிச்சிருந்தா தூக்கத்துலயே போயிருப்பிய."

இப்போதெல்லாம் மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அவுன்ஸ் கிளாஸில் அளந்துதான் குடிக்கிறேன். அளவு மறந்தால், இருமிக்கொண்டே திரும்பவும் தென்காசிக்கு நடக்கிறேன். மேகத்தில் படுக்கும் ஆசை மட்டும் விடவில்லை. குற்றாலத்தில் என் பாயை இப்போது பாறைக்கு வெகு எட்டத்தில்தான் விரிக்கிறாள் மனைவி.