பேர்னுக்கு வந்த ஆபிரிக்கப் பல்கலைக்கழகமும் என் மகளும்

மகள் நிலா சுவிஸின் ஆரா நகரில் உயர்தரப் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறாள். இங்கே மருத்துவ நுழைவுத் தேர்வை லேசில் தாண்ட முடியாது. ஆபிரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று பேர்னில் தகவல் நாள் வைக்கிறது என்று அறிந்ததும், போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இருவரும் புறப்பட்டோம். அவளுக்கு மருத்துவம்தான் என்று நான் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். அவளிடம் கேட்டேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பேர்ன் எண்பது கிலோமீற்றர். ரயிலில் முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. அரைக்கட்டண அட்டை இருந்தால் போய்வர ஆளுக்கு முப்பது பிராங் அளவில் முடியும்.

மண்டபத்துக்குள் போனதும் வாயைப் பிளந்தேன். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பீடங்கள் இரண்டே: மருத்துவம், பொறியியல். அங்கே சட்டம், கல்வியியல், இறையியல், விவசாயம் என்று பீடத்துக்கொரு மேசை. சுரங்கப் பொறியியலுக்கென்றே தனிப் பள்ளி. சுகாதார பீடத்துக்குள் மட்டும் பல் மருத்துவம், தாதியியல், பொதுச் சுகாதாரம் என்று எத்தனை பள்ளிகள்! பேராசிரியர்களே நின்று பொறுமையாக விளக்கினார்கள்.

நான் நிலாவுடன் நேரே மருத்துவ மேசையின் முன் உட்கார்ந்தேன். நிலாவிடம் பேராசிரியை கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். எங்கள் வழக்கம் அது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்திலும் அப்படித்தான். கடைசியில் அவர் பேனையை வைத்துவிட்டு, படிக்கப்போவது யார் என்று சிரித்தபடி கேட்டார். திரும்பினேன். பக்கத்துக் கதிரை காலி.

நிலா விலங்கு மருத்துவ பீடத்தின் மேசையில் இருந்தாள். அந்தப் பீடத்துக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரியே இருக்கிறது. காண்டாமிருகத்தை மயக்கி, காலுக்கு மருந்து கட்டும் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. இவள் கைகளை ஆட்டி ஆங்கிலத்தில் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். வீட்டில் 'ஓம்', 'இல்லை' தவிர வாய் திறக்காத பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது. பெருமை அதைவிடக் கூடுதலாக வந்தது.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "இவ்வளவு கதைப்பியோ நீ? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அப்பா. எல்லாத்துக்கும் நீங்களே கதைச்சுப்போடுவீங்கள்."



இப்படியான தகவல் நாளுக்குப் போக நினைப்பவர்கள் சான்றிதழ் நகல்களையும் மதியச் சாப்பாட்டையும் கொண்டுபோங்கள். பட்டம் சுவிஸில் செல்லுமா என்பதை அந்தந்த மேசையிலேயே கேளுங்கள். எந்தப் பீடத்தை நினைத்துப் போனாலும் எல்லா மேசைகளையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

அன்று ரயில் ஓல்டன் நிலையத்தைத் தாண்டும்போது ஊஸ்டர் நகரில் இருக்கும் என் அண்ணை தொலைபேசி எடுத்தார். "என்ன தம்பி, மருத்துவம் சரிவந்திட்டுதோ?"

"பொறுங்கோ அண்ணை, அவளிட்டையே குடுக்கிறன்" என்று கைபேசியை நிலாவிடம் நீட்டினேன்.