வேதப்புத்தகத்துக்குள் தும்பை

என் மைனி, அண்ணன் பெண்சாதி சாரம்மாளை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது. அரிசி களைந்துகொண்டிருப்பாள், பாதியில் எழுந்து போய் ஏதாவது புத்தகத்தைப் புரட்டுவாள். அடுப்பில் பால் பொங்கி வழியும். ஓடுவது நான். அண்ணன் வேதநாயகம் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாகப் போனதிலிருந்து, பாளையங்கோட்டை வீட்டில் அவளையும் அவள் பெண்கள் லேயாள், ரூத் இரண்டு பேரையும் கட்டி மேய்த்தவள் நான்தான்.

முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை. மூத்தவள் எஸ்தரை மிஷன் போர்டிங் பள்ளியில் சேர்த்திருந்தாள். காலரா கண்ட வருஷம் பிள்ளையை மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். எங்கள் சபையை நடத்திவந்த தேவசிகாமணி உபதேசியார்தான் அடக்க ஜெபம் செய்தார். அதற்குப் பிறகு மைனி கல்லறைத் தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சபைக் கோயிலுக்குக்கூடச் சுற்றுவழியாகத்தான் போவாள். மற்ற இரண்டு பேரையும் போர்டிங்குக்கு அனுப்பமாட்டேன், வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவளும் ஆசிரியைக்குப் படித்தவள்தானே.

சபைக் கமிட்டிக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளை வீட்டில் பூட்டிவைத்துப் பாழாக்குகிறாள் என்று பேச்சு. கடைசியில், உபதேசியார் ஒருநாள் வந்து சோதித்துப் பார்ப்பார், தேறாவிட்டால் இரண்டு பேரும் போர்டிங்குக்குப் போகவேண்டியதுதான் என்று முடிவு செய்தார்கள். டெல்லி தர்பார் நடந்த மறு வருஷம் அது.

வாசிப்புக்கும் கணக்குக்கும் கவலையில்லை. அப்போது புதிதாக வந்திருந்த இயற்கைப் பாடம்தான் அவளைப் படுத்தி எடுத்தது. செடி, பூச்சி, பறவை எல்லாம் பிள்ளைகள் கண்ணால் பார்த்துப் படிக்கவேண்டுமாம். எந்தப் புத்தகத்தை வைத்து? முதலில் சீமைப் புத்தகம் ஒன்று வாங்கினாள். படமெல்லாம் கண்ணைப் பறிக்கும். கூரையெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி மூடிய படத்தைப் பார்த்துவிட்டு, ரூத் விடிந்தும் விடியாமலும் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள். நம் வீட்டுக் கூரைக்கு எப்போது வரும் என்று என்னை அரித்தெடுத்தாள். மைனி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்தாள். அது தமிழ்தான். எறும்பைப் போல் பாடுபடு என்று பக்கத்துக்குப் பக்கம் புத்தி சொல்லிற்று. எறும்புக்கு எத்தனை கால் என்று எங்கும் இல்லை. அதையும் மூடிப் போட்டுவிட்டுக் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. புத்தகமே வேண்டாம், ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தொலை என்றேன். கோபத்தில் சொன்னது. அவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

கடிகாரம் பழுதுபார்க்கும் அசன் முகம்மது அண்ணாச்சியிடமிருந்து பூதக்கண்ணாடி இரவல் வந்தது. சீவலப்பேரி வரைக்கும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். வீடெல்லாம் இலையும் இறகும் நத்தை ஓடும். கூட்டிப் பெருக்கி என் இடுப்பு ஒடிந்தது. இலைகளைச் சுருளாமல் அமுக்கி வைக்கக் கனமான புத்தகம் வேண்டும் என்றாள். வீட்டில் கனமான புத்தகம் பெரிய வேதப்புத்தகம்தான். லேயாள் அதற்குள் அடுக்க ஆரம்பித்தாள். எங்கள் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

உபதேசியார் ஒரு வீட்டுக்கு வந்தால், அந்த வீட்டு வேதத்தை எடுத்து வாசித்து ஜெபம் செய்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. சோதிக்க அவர் வந்த அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அது யாருக்கும் நினைவில்லை. அவர் திறந்தார். துளசி மடியில் விழுந்தது. புரட்டினார், வில்வம். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மைனிக்குத் தாய்வீடு நாங்குநேரி. அங்கே அவள் சொந்தத்தில் பாதிப் பேர் இன்னும் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"என்னம்மா இது? பூசைக்குப் போடுத இலையெல்லாம் வேதத்துக்குள்ள கெடக்கு?"

 எல்லாம் போச்சு, பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றே நினைத்தேன். அவர் துளசி விழுந்த பக்கத்துக்கே திரும்பினார். அங்கே பூவோடு ஒரு தும்பையும் இருந்தது. சிவன் கோயிலில் போடுகிற பூ. அதைத் தூக்கிப் பிடித்தார். சோதனை தொடங்கிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, லேயாள் முன்னால் வந்தாள்.

"அது தும்பை, ஐயா. துளசிக்கும் அதுக்கும் தண்டு நாலு பட்டையா இருக்கும். தடவிப் பாருங்க. அதான் ரெண்டையும் ஒண்ணா வச்சேன்."

அவர் தடவிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கிற்று.

"இத எங்கன பறிச்ச?"

"எஸ்தர் அக்கா கல்லறை மேல. மத்த எடத்துல ஆடு கடிச்சிருது, அங்கனதான் மதில் இருக்கு. ஞாயித்துக்கெழம நானும் ரூத்தும் போயி எவ்வளவு வளந்திருக்குன்னு பாப்போம். பூ விட்டப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தோம்."

பிள்ளைகள் அங்கே போய்வருவது எனக்கே தெரியாது. உபதேசியார் தும்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஸ்தருக்கு முதல் பிடி மண் போட்டவர் அவர். பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்து, துளசியையும் பக்கத்தில் வைத்து, புத்தகத்தை மூடினார். வாசிக்காமலே ஜெபம் செய்தார். வேறு கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

"புள்ளைய ரெண்டும் இங்கனயே படிக்கட்டும்மா. கமிட்டிக்கு நான் சொல்லுதேன்."

அவர் படியிறங்கிப் போனபோது வழியனுப்பக்கூட மைனி எழவில்லை. அவள் அப்படி அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, எனக்குப் பயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். பூதக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு, லேயாளின் கையைப் பிடித்தாள்.

"வா, அந்தச் செடி நிக்கிற எடத்தக் காட்டு" என்றாள்.